முதற் பக்கம் மட்டும்

அந்த ஒற்றைத் தாளை லெனாட் அண்ணைக்கு நான் நான்கு தடவை அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். முதலாவது மடித்து மடித்தே கிழிந்து போனது. இரண்டாவது மாரி மழையில் நனைந்தது. மூன்றாவதில் தேத்தண்ணீர் ஊற்றியவள் நான். அதற்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் கண்ட கண்ட இடத்தில் தாளை வைத்தால் ஊற்றுப்படாமல் என்ன செய்யும் என்று அவரை ஏசினேன். நான்காவது இன்றைக்கும் அவருடைய சட்டைப்பையில் கிடக்கிறது.

தாளில் இருப்பது ஒரு கட்டுரையின் முதற் பக்கம். தொண்ணூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் ஆங்கிலத்தில் எழுதியது. மொத்தம் இருபத்தாறு பக்கம். இணையத்தில் முதற் பக்கத்தை மட்டும் சும்மா காட்டுவார்கள், மிச்சத்துக்குப் பூட்டு. அந்த முதற் பக்கமும் ஒரு வசனத்தின் நடுவில் முறிந்து நிற்கும். லெனாட் அண்ணை அதைத் தமிழில் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்: “உடல் கிடைக்காத மீனவனுக்காகச் சங்கம் வெட்டிக் கொடுத்த குழியில் அவனுடைய வீட்டார் ஒரு சிறு பெட்டியை வைத்தனர், அந்தப் பெட்டிக்குள்”. அவ்வளவுதான். அடுத்த பக்கத்துக்குப் போக வழியில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். குருநகரில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு சனசமூக நிலைய வாசிகசாலை இருக்கிறது. அதற்குப் பொறுப்பு நான்தான். பெயர் றஜனி. அரியாலையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து காலை எட்டரைக்குக் கதவு திறப்பேன். நாலு அலுமாரி புத்தகம், ஆறு பத்திரிகை, மூன்று கணினி. மூன்றில் ஒன்றுதான் சொன்ன சொல் கேட்கும். என் வாயைப் பற்றி வாசகர்கள் வெளியில் என்ன கதைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் பதிவேட்டைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொல்ல ஏலாது. வந்தவர் பெயர், வந்த நேரம், எடுத்தது என்ன, போன நேரம். பதினேழு வருடத்தில் அதில் ஒரு வரி தவறினதும் இல்லை, ஒரு வரி பிழைத்ததும் இல்லை.

லெனாட் அண்ணைக்கு ஐம்பத்தாறு வயது. தகப்பன் மரியரட்ணம் கடற்றொழில். மகன் கத்தோலிக்கக் குருவாக வேண்டுமென்று தகப்பனுக்கு ஆசை. பிள்ளையும் குருமடத்தில் சேர்ந்து, மற்றப் பொடியள் முனகிக்கொண்டு படித்த லத்தீனைச் சீனி தின்கிற மாதிரிப் படித்திருக்கிறார். எண்பத்தாறாம் ஆண்டு, அவருக்குப் பதினெட்டு வயது நடக்கும்போது, தகப்பன் கடலுக்குப் போனார். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. வீட்டில் தாயும் சின்னத் தங்கச்சி லூர்த்தம்மாவும். குருமடத்தை விட்டு வந்தவர் ஐஸ் கொம்பனியில் கிளாக்கராகச் சேர்ந்து முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டார். கலியாணம் கட்டவில்லை. லத்தீன் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

“உந்தச் செத்த பாசையை வைச்சுக்கொண்டு என்ன அண்ணை செய்யப் போறியள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒண்டும் செய்யிறதுக்கில்லை, றஜனி. அவையளும் எங்களைப்போல கடல் சனந்தான். வாசிக்க ஆசையாக் கிடக்கு.”

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தி உரோமருடைய கரையோர ஊர்களில் மீன்பிடிகாரர் சங்கம் வைத்திருந்தார்களாம். அங்கத்தவன் செத்தால் சங்கமே அடக்கம் செய்யுமாம், கல்லில் பெயரும் வெட்டுமாம். அந்தக் கல்வெட்டுகளைத்தான் இவர் தேடித் தேடி வாசித்தார். பட்டத்துக்கில்லை, பதவிக்கில்லை. தமிழில் நாற்பது பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி முடிக்க வேண்டும், அதுதான் எண்ணம். எல்லாம் எழுதியாயிற்று. ஒரு கேள்வி மட்டும் திறந்தே கிடந்தது. கடலோடு போய் உடல் வராதவனை அந்தச் சங்கம் என்ன செய்தது?

“எங்கடை அப்புவுக்குச் சேமக்காலையிலை இடமில்லை,” என்று அவர் சொன்னது அதே நாள்தான். “உடம்பில்லாமல் குழி வெட்டேலாது எண்டு கோயிலிலை சொல்லிட்டினம். பூசை ஒண்டு ஒப்புக்குடுத்தம். அதோடை சரி.”

அதற்குப் பிறகு நான் அந்தப் பாசையைச் செத்த பாசை என்று சொல்லவில்லை.

தேடுவது எப்படி என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவருக்குக் கணினி ஆகாது. விசைப்பலகையைக் கண்டால் நண்டைக் கண்ட மாதிரிக் கையை இழுத்துக்கொள்வார். அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல நான் தட்டுவேன். மீனவர் என்று போட்டால் நோர்வேயில் பிடிபட்ட மீனின் தொகை வரும். கல்லறை என்று போட்டால் பதினாலாயிரம் வரும். இரட்டைக் குறிக்குள் போடு, இரண்டு சொல்லைச் சேர்த்துப் போடு, ஆண்டைக் குறுக்கு என்று நாங்களாகத் தட்டுத்தடுமாறிப் பழகினோம். பதினாலாயிரம் முந்நூறாகும், முந்நூறு நாற்பதாகும். நாற்பதையும் அமத்திப் பார்த்தால் நாற்பதுக்கும் பூட்டு. தேடுவதற்குத் தடையில்லை, திறப்பதற்குத்தான் தடை. கண்ணாடிப் பெட்டிக்குள் வடையை அடுக்கி வைத்துக் கடையைப் பூட்டிப்போட்டுப் போன மாதிரி. உள்ளே விடுவதென்றால் எங்காவது ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும், அல்லது படிப்பிக்க வேண்டும். ஐஸ் கொம்பனிக் கிளாக்கர் இரண்டும் இல்லை. இரண்டு வருடம் இப்படியே தலைப்புகளை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் வைகாசியில்தான் வழி திறந்தது. தங்கச்சி லூர்த்தம்மா தொண்ணூறுகளில் கனடாவுக்குப் போனவ. மகள் நிரோஜினி ரொறன்ரோவில் தாதியர் படிப்புக் கடைசி வருடம். மாமனை இரண்டு தரந்தான் நேரில் கண்டிருக்கிறாள், ஆனால் கிழமைக்கு ஒருதரம் வட்ஸ்அப்பில் கதைப்பாள். முறிந்து நிற்கிற வசனத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

“மாமா, எங்கடை லைபிறறிக்குள்ளை எல்லாம் கிடக்கும். நான் திறந்து விடுறன். நீங்கள் போய் எடுங்கோ,” என்றாள்.

“பிழை வராதோ பிள்ளை?”

“நீங்கள் ஒராள் வாசிக்கிறதாலை என்ன வரப்போகுது?”

விதிப்படி ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்று அவள் கையொப்பம் போட்டிருந்தாள். அது அவளுக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் கை இங்கே வீட்டுக்குள் நீள்வது எங்களுக்குப் பழகிப்போன சங்கதி. சொக்கலேற் வரும், சப்பாத்து வரும், பிறசர் மருந்து வரும். இந்தமுறை ஒரு நூல்நிலையமே வந்து இறங்கியது. கடவுச்சொல்லை நான் தட்டினேன், அங்கே அவள் தன் போனில் சம்மதம் அமத்தினாள். அதற்குப் பிறகு முப்பது நாளைக்கு எங்கள் வாசிகசாலையின் அந்த ஒற்றைக் கணினியை அந்தப் பெரிய பல்கலைக்கழகம் நம்பும்.

முப்பத்தேழு கட்டுரை எடுத்தார். ஒவ்வொன்றும் திறக்கும்போது கையெடுத்துக் கும்பிடாத குறை. காலையில் வருவார், பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவார். அவருக்கு வேண்டிய அந்த ஒன்று மட்டும் அங்கேயும் பூட்டித்தான் கிடந்தது. ஆனால் அட்டை கட்டின பழைய அச்சுப் பிரதி அவர்களுடைய களஞ்சியத்தில் இருந்தது. கேட்டால் தேடியெடுத்துப் படம் பிடித்து அனுப்புவார்கள், ஐந்து வேலைநாளில் கணக்குக்குள் வந்து கிடக்கும் என்று போட்டிருந்தது. படிவத்தை நிரப்பி அனுப்பினோம். திங்கட்கிழமை.

இனி என் பங்கு. இதைச் சொல்லாமல் தப்பப் பார்க்கிறேன் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம்.

என் மனுசன் தியாகலிங்கத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் ஆசுப்பத்திரியில் டயலிசிஸ். லெனாட் அண்ணை மதியம் எழும்பிப் போன பிறகு கணினி திறந்தபடியே கிடக்கும். இரண்டாம் நாள் நான் அதில் இருந்து சிறுநீரகம் என்று தட்டினேன். பத்தொன்பது கட்டுரை எடுத்தேன். காற்பங்குகூட விளங்கவில்லை. விளங்கினது எல்லாம் வாட்டில் நிற்கிற தாதி மிஸ்ஸி ஏற்கெனவே சொன்னதுதான். சரி, அதோடு விட்டேனா? இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் எமில்ராஜ் பத்திரிகை வாசிக்க வந்தவர், பின்னால் நின்று எட்டிப் பார்த்து, “உது எல்லாம் திறக்குதோ? எனக்கும் ஒண்டு எடுக்கலாமோ?” என்றார். கல்வியியல் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிற மனுசன். இருங்கோ என்றேன். அடுத்த நாள் அவருடைய கூட்டாளி. அதற்கடுத்த நாள் ஒரு தாதி. புத்தூரிலிருந்து கஜீவன் என்றொரு பொடியன் வெங்காய நோய்க்கு வந்தான். கிணற்றடியில் ஒருவரை அள்ள விட்டுவிட்டு அடுத்தவரிடம் வாளியைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. அள்ளினால் குறையிற தண்ணீரா இது என்றும் நினைத்தேன். எல்லோரும் பின்னேரம்தான் வந்தார்கள். லெனாட் அண்ணைக்கு நான் சொல்லவில்லை. சொல்ல மறந்ததல்ல, சொல்லவில்லை.

ஆனால் பதிவேட்டில் எழுதினேன். பெயர், நேரம், எடுத்த கட்டுரை, போன நேரம். பழகின கை. எங்கள் வாசிகசாலை அவ்வளவு சனத்தை அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அதையும் ஒளிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் கணக்குப் பூட்டுப்பட்டது. படிவம் அனுப்பி நாலாம் நாள்.

அன்றைக்கே நிரோஜினி அழைப்பெடுத்தாள். அழவில்லை, ஆனால் குரல் மாறியிருந்தது. மூன்று கிழமைக்குள் யாழ்ப்பாணத்தில் ஒரே கணினியிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரை இறக்கப்பட்டிருக்கிறது. கட்டுரைகளை இறக்கி விற்கிற ஆட்களுக்கு அவள் தன் கணக்கை விற்றுப்போட்டாள் என்று பல்கலைக்கழகம் சந்தேகப்படுகிறது. விசாரணைக் குழு கூடும். விற்றதென்று முடிவானால் வெளியேற்றம். நாலு வருடப் படிப்புப் போச்சு. புரட்டாதியில் ஒரு ஆசுப்பத்திரியில் வேலை தொடங்க இருந்தவள். பெறுபேற்றையும் மறித்து வைத்துவிட்டார்கள். அவளுடைய மின்னஞ்சலையும் பூட்டியாயிற்று.

“மாமா, வேறை ஆரும் பாவிச்சவையோ? உண்மையைச் சொல்லுங்கோ.”

லெனாட் அண்ணை போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். “றஜனி, உதிலை வேறை ஆரும் இருந்தவையோ?”

எமில்ராஜ் வாத்தியார் மூலையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். தாள் அசையவில்லை. வேறும் இரண்டு மூன்று பேர். எல்லோருடைய காதும் என் வாயில் இருந்தது. நிலையத் தலைவருக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் ஆசுப்பத்திரிக்குப் போகிற ஓட்டோவுக்கு என்ன செய்வேன்? இது எல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரம் பயம் மட்டுந்தான்.

“இல்லை அண்ணை,” என்றேன். “ஆர் இஞ்சை வந்து உதுகளை வாசிக்கப் போகினம்?”

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.”

“பக்கத்தை எண்ணியிருப்பினம். முப்பத்தேழு கட்டுரை, ஒவ்வொண்டும் பத்துப் பன்னிரண்டு பக்கம். நானூறு வருந்தானே.”

அதையும் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அவர் முகம் தெளிந்தது. ஓம், அதுதான் சங்கதி என்று மருமகளுக்குச் சொன்னார். அன்று பின்னேரமே இருந்து அழகான ஆங்கிலத்தில் குழுவுக்குக் கடிதம் எழுதினார். பாவித்தது நான் ஒருவன் மட்டுமே, வேறு எவரும் அந்தக் கணக்கைத் தொடவில்லை, என் மருமகள் மீது குற்றமில்லை, குற்றம் கேட்ட என்மீது. கீழே பெயர், முகவரி, கையொப்பம். தட்டி அனுப்பினதும் நான். அனுப்பு என்ற பொத்தானை அமத்தும்போது என் விரல் நடுங்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

இரண்டு கிழமைக்குப் பிறகு விசாரணை. அவர்களுக்குக் காலை ஒன்பது, எங்களுக்குப் பின்னேரம் ஆறரை. வாசகர்களை வெளியில் விட்டுக் கதவைச் சாத்தினேன். லெனாட் அண்ணை பூசைக்குப் போகிற வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் கணினியை இயக்குவதற்காகப் பக்கத்தில், கமராவுக்குப் படாமல் இருந்தேன். திரையில் குழுவைச் சேர்ந்த மூன்று பேர், தனிப் பெட்டியில் நிரோஜினி. தலைமை தாங்கினது ஒரு நரைத்த அம்மா. மரியாதையாகத்தான் கதைத்தா.

முதலில் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டார்கள். அவர் தொடங்கினார். நான் அவரை அப்படி ஒருநாளும் கண்டதில்லை. ஐஸ் கொம்பனியில் முப்பது வருடம் பேசாமல் கிடந்ததெல்லாம் ஆங்கிலத்தில் வரிசையாக வந்தது. குழுவிலிருந்த ஒருவர் முன்னுக்குச் சாய்ந்து லத்தீனில் ஏதோ கேட்க, இவர் லத்தீனிலேயே மறுமொழி சொன்னார். அந்த மனுசன் சிரித்துவிட்டார். நிரோஜினியின் தோள் இறங்கினது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. சரி, தப்பிவிட்டாள் பிள்ளை என்று நானும் நினைத்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா ஒரு பட்டியலைத் திரையில் போட்டா.

பக்கங்களை எண்ணவில்லை. கட்டுரைகளைத்தான் எண்ணியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பும் நேரமும் இருந்தது. கொங்கிறீற்றின் வலு. வெங்காயத்தில் வருகிற பூஞ்சணம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு விலகுவது ஏன். “இவையும் உங்கள் ஆராய்ச்சிக்கு வேண்டியவையா?” என்று கேட்டா. கேலியாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டா.

லெனாட் அண்ணை பட்டியலை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போனார். நடுவில், சிறுநீரகம் பற்றியவை வரிசையாகப் பத்தொன்பது. அதில் நின்றார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். அவர் பார்த்ததோடு சரி. திரும்பவும் திரைக்குப் போனார்.

இவை என்னுடையவை அல்ல என்றார். அப்படியென்றால் உங்கள் கடிதம் என்று அந்த அம்மா கேட்டா. கடிதம் பிழை என்றார். வேறு யார் பாவித்தது என்று கேட்டா. இரண்டாந்தரம் கேட்டா. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா,” என்றாள் நிரோஜினி தமிழில். “சொல்லுங்கோ மாமா. நீங்கள் சொல்லாட்டி நான் வித்ததெண்டு முடிவெடுப்பினம்.”

அவர் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்ல அந்த மனுசனால் முடியவில்லை.

நான் எழும்பிப் போய் மேசை இலாச்சியிலிருந்து பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்து கமராவுக்கு முன்னால் நின்றேன். ஆங்கிலம் வாசிப்பேன், கதைக்க வராது. தமிழில் சொன்னேன். நான் றஜனி, இந்த வாசிகசாலைப் பொறுப்பாளர், அண்ணைக்கு ஒன்றும் தெரியாது, திறந்து விட்டது நான், ஒருவரிடமும் ஒரு சதமும் வாங்கவில்லை, வந்தவர்கள் எல்லாருடைய பெயரும் இதில் இருக்கிறது. நிரோஜினி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். தன்னை விழுத்தியவளின் பேச்சைத் தானே மொழிபெயர்க்க வேண்டி வந்தது அந்தப் பிள்ளைக்கு. ஒரு சொல்லையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பக்கத்தைப் புரட்டச் சொன்னார்கள். புரட்டினேன். இருபத்தொன்பது பெயர். அவர்களுடைய பட்டியலில் இருந்த நேரமும் என் பதிவேட்டில் இருந்த நேரமும் நிமிடம் பிசகாமல் பொருந்தின.

முடிவு ஒரு கிழமையால் வந்தது. நிரோஜினி அதை மாமனுக்கு அனுப்ப, நான் அச்சடித்துக் கொடுத்தேன். அவர் எனக்குத் தமிழில் வாசித்துச் சொன்னார். விற்றதாகக் காணவில்லை, அதற்குப் பதிவேடு சாட்சி. வெளியேற்றம் இல்லை. ஆனால் வெளியாட்கள் இருபத்தொன்பது பேருக்கு வழி திறந்து விட்டதும், குழுவுக்குப் பொய்யான கடிதம் கொடுபட்டதும் பாரதூரம். ஒரு வருட இடைநிறுத்தம். பெறுபேறு அதற்குப் பிறகுதான். ஆசுப்பத்திரி வேலை அதோடு கைநழுவிப் போனது.

பின்னேரம் இன்னொரு பிரதி எடுத்து நானே இருந்து வாசித்தேன். அவர் எனக்குச் சொல்லாமல் விட்ட வரி ஒன்று அதில் இருந்தது. முதற் கடிதம் உண்மையாக இருந்திருந்தால் எச்சரிக்கையோடு முடித்திருப்போம் என்று.

நான் வாசலில் வந்து நின்றேன். ஒரு சொல். இல்லை என்ற ஒரே சொல்லுக்கு அந்தப் பிள்ளையின் ஒரு வருடம். என்னைச் செருப்பால் அடித்தாலும் காணாது.

எங்களால் என்ன செய்ய முடிந்தது? ஒன்றும் முடியவில்லை. அவர் மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் ஒரே மறுமொழி, முடிவு இறுதியானது. நான் எமில்ராஜ் வாத்தியாரைக் கொண்டு ஒன்று எழுதுவித்தேன். அதற்கு மறுமொழியே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கையொப்பம் வைத்து ஒரு மனு அனுப்புவோமென்று வாத்தியார் ஓடித்திரிந்தார். பதினொரு பேர் வைத்தார்கள், மிச்சப்பேர் எங்களுக்கேன் வில்லங்கம் என்றார்கள். அந்தப் பதினொரு பேரில் வெங்காயக்காரக் கஜீவன் புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து வைத்தான். அதையும் அனுப்பினோம். அது எங்கே போனதோ. லூர்த்தம்மா தமையனுடைய போனை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய அவர் அழைப்பெடுப்பார், மணி அடிக்கும், நிற்கும். “அவளுக்குக் கோவம் இருக்குந்தானே,” என்று எனக்கே சமாதானம் சொல்வார். இவ்வளவுக்கும் என்னோடு ஒருநாள் முகம் கோணினவரில்லை. காலையில் வருவார், பத்திரிகை வாசிப்பார், போவார். அந்தக் கணினிப் பக்கம் போவதில்லை. நாற்பது பக்கக் கட்டுரையைப் பற்றிக் கேட்டேன். “அது கிடக்கட்டும்,” என்றார்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, காலை பத்தரை இருக்கும். அவருடைய போன் அடித்தது. நிரோஜினி. அங்கே இரவு ஒரு மணி; ஒரு கோப்பிக் கடையில் இரவு வேலை முடிந்து வந்திருக்கிறாள், கடைத் தொப்பியும் கழற்றவில்லை. விசாரணைக்குப் பிறகு முகத்தைக் காட்டிக் கதைப்பது அதுதான் முதற்தரம். நான் தள்ளிப் போகப் பார்த்தேன். அவர் இருங்கோ என்று கையைக் காட்டினார்.

“அம்மாவுக்குக் கோவம் ஆறும் மாமா. கொஞ்சம் விடுங்கோ.”

“நீ சாப்பிட்டியோ பிள்ளை?”

“சாப்பிட்டன்.” பிறகு, “மாமா, நான் உங்களைக் கேக்கவேணும் எண்டு கன நாளா நினைச்சனான். அந்தக் கட்டுரை. கடைசியாக் கேட்டு அனுப்பினது. பூட்ட முன்னம் வந்ததோ?”

வரவில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வந்திருந்தாலும் அந்தப் பூட்டுக்குள்தான் எங்கோ கிடக்கும். லெனாட் அண்ணையின் கை சட்டைப்பைக்குப் போனது. தாளைத் தொட்டது, எடுக்கவில்லை.

“ஓம் பிள்ளை,” என்றார். “வந்தது. முழுக்க வாசிச்சுப்போட்டன்.”

நான் பத்திரிகை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

“உண்மையாவோ?” அவளுடைய குரல் எழும்பினது. “அப்ப அந்தப் பெட்டிக்குள்ளை என்ன வைச்சவையாம்?”

அவர் யன்னலால் வெளியே பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டு மதில்தான்.

“அவன்ரை லேஞ்சி. கடலுக்குப் போகேக்கை முகம் துடைச்சுப்போட்டுக் கொடியிலை விட்டிட்டுப் போன லேஞ்சி. அதைத் தோய்க்காமல் அப்பிடியே மடிச்சு வைச்சவையாம். மூத்த மகன்தான் வைச்சவனாம்.”

“லேஞ்சி மட்டுமோ?”

“அது மட்டுந்தான். அது காணுமெண்டு சொல்லிச் சங்கம் குழி வெட்டக் குடுத்ததாம். கல்லிலை பேரும் போட்டதாம்.”

நிரோஜினி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். “நல்லது மாமா. எல்லாம் சும்மா போச்சோ எண்டுதான் நான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்.”

“சும்மா போகேல்லை, பிள்ளை.”

“அப்ப எழுதி முடியுங்கோ. எனக்கு அனுப்புங்கோ.”

“ஓம், அனுப்புறன். நீ போய்ப் படு.”

போனை மேசையில் வைத்தார். நான் முகத்தைக் காட்டாமல் அலுமாரிப் பக்கம் நின்று அழுதேன். அவருக்கு அது தெரிந்திருக்கும், தெரிந்ததாகக் காட்டவில்லை. எழும்பினார். வாசலில் நின்று, “றஜனி, என்ரை பேர் பதிஞ்சாச்சோ?” என்றார்.

பதிவேட்டைத் திறந்தேன். மரியரட்ணம் லெனாட். வந்த நேரம் ஒன்பது ஐந்து. போகும் நேரம் பத்து ஐம்பது.

“எடுத்தது எண்ட இடத்திலை என்ன போட, அண்ணை?”

அவர் படியிறங்கி வெயிலுக்குள் போனார். நான் பேனையை எடுத்தேன். அந்தக் கட்டுரையின் தலைப்பை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன், எனக்கு அது பாடம். பக்கத்தில் இருபத்தாறு பக்கம், முழுவதும் என்று எழுதினேன். பதினேழு வருடத்தில் அந்தப் பதிவேட்டில் நான் எழுதிய முதற் பொய் அது.